திருவாதிரை மேல் போட்ட பழி

என் சிட்டு,

சாயங்காலம் ஏலக்காய் ஸ்டோர்ல காய் பொறுக்கிட்டுத் திரும்புறப்ப, மலைக்கு மேல உன் திருவாதிரை தெரிஞ்சது. போன வருசத்தவிட மங்கிக் கிடக்கு. காலேஜு லீவுல நீதான் காட்டின. "ஆத்தா, இந்தச் செவப்பு நட்சத்திரம் சூரியனவிட ரொம்பப் பெருசு. தானா மங்கும், தானா பிரகாசமாகும். அதுக்கு நம்மள யாருன்னே தெரியாது"ன்ன.

உங்கய்யா கேக்கல. திருவாதிரைக்குப் பத்துப் பொருத்தமும் அமைஞ்ச மாப்பிள்ளைன்னு, படிப்ப நிறுத்தி தேவாரம்ங்கிற ஊர்ல கட்டிக்குடுத்தாரு. காய்ச்சல்ல கிடந்த உன்ன அங்க யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகல. எனக்குச் சாவுச் சேதிதான் வந்துச்சு.

துக்கம் கேக்க வர்றவங்ககிட்ட இப்ப, "அவ நட்சத்திரம் அப்படி"ங்கிறாரு.

அந்த வீட்டுல நீ அனத்துனப்ப, ஒரு வாய் தண்ணி குடுக்க யாராவது பக்கத்துல இருந்தாங்களா, கண்ணு?

உன்னப் பெத்தவ