ஜாடியின் அடியில் இரண்டு பெயர்கள்

நொம்புசோவின் அப்பாவுக்கு,

ஜோகன்னஸ்பர்கில் சுகமாக இருப்பாய். இன்று சூளை திறந்தோம். என் சிறுத்தை ஜாடி ஒரு கீறல் இல்லாமல் வந்திருக்கிறது. டர்பன் நகரத்துக் கண்காட்சிக்குப் போகிறது.

தூரிகைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "உன் கைக்கு மண்ணுதான் வரும், வண்ணம் வராது" என்றாய். ஆட்டு வால் முடியில் நானே தூரிகை கட்டினேன். புள்ளி வைத்து முடிக்க ஒரு மாதம் ஆனது. சூளைக்காரி தண்டேகா பார்த்துவிட்டு, "உன்னை மாதிரியே முறைக்குதுடி" என்றாள். பட்டறையே சிரித்தது.

ஜாடியின் அடியில் வனைந்தவர் பெயரையும் அதன் கீழே தீட்டியவர் பெயரையும் எழுதுவோமே, பதினோரு வருடமாக என் பெயருக்குக் கீழே உன் பெயர்தான். "அந்த இடத்தைச் சும்மா விடு, வந்தாலும் வருவான்" என்றாள் தண்டேகா.

இரண்டு இடத்திலும் என் பெயரையே எழுதிச் சூளையில் வைத்தேன்.

உன் மகளின் அம்மா