டெல்மர் தள்ளிய குண்டுகள்

மார்ச் 4, செவ்வாய்
கொழுந்தன் டெல்மரின் கராஜில் இன்றும் ஜெபக்கூட்ட அமைதிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கிறான். இருநூறு கிரெயின் இருக்கவேண்டுமாம். ஒரு கிரெயின் கூடினாலும் குறைந்தாலும், திரும்ப உருக்க என்று மேசைக்கு அடியில் உள்ள வாளிக்குத் தள்ளிவிடுகிறான். ஒரு கிரெயின் என்ன பெரிய கிரெயின்? இரண்டு மூன்று அரிசி எடை!

"ஏன் டெல்மர், லோரீனையும் இப்படி நிறுத்துப் பாத்துத்தான் கட்டிக்கிட்டியா?"

"சிரிக்காதீங்க அண்ணி, தராசு ஆடுது!"

சனிக்கிழமை கிளப்பில் துப்பாக்கி சுடும் போட்டி. மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் ஒரு இடம்தான் பாக்கி. அவனா, நானா? எனக்கு வேண்டும். இத்தனை வருஷமும் போகிறவர்களுக்குக் கைகாட்டியே அலுத்துவிட்டது.

மார்ச் 5
குண்டு வார்க்கச் சோம்பல். அவன் வாளியிலிருந்தே ஒரு டப்பா அள்ளினேன். குண்டையும் வெடிமருந்தையும் அடைத்துத் தோட்டா போடும் மெஷின் குடும்பத்துக்கே ஒன்றுதான், டெல்மர் கராஜில்; அவன் வைத்த மருந்து அளவைத் தொடாமல் போட்டு முடித்தேன். அவன் குப்பையாலேயே அவனை ஜெயித்தால்? நினைத்து நினைத்துச் சிரித்தேன். "தனியா என்னடி சிரிப்பு?" என்றார் வீட்டுக்காரர். டப்பாவை மூடி வைத்தேன்.

மார்ச் 7
டெல்மர் இன்னும் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறான். வாளி நிறைகிறது, தோட்டாப் பெட்டி நிறையக் காணோம்.

மார்ச் 8, சனி
இருவருக்கும் ஒரே புள்ளி! "ஆளுக்கு இன்னும் பத்து சுடுங்க," என்றாள் போட்டி நடத்தும் மார்லிஸ். டெல்மர் பெட்டியைத் திறந்தான் — காலி.

"தோட்டா இல்லன்னா தோத்த மாதிரிதான்ப்பா," என்றாள் மார்லிஸ்.

அடுத்தவர் போட்ட தோட்டாவை இங்கே எவரும் சுடமாட்டார்கள். மருந்து கூடிப்போனால் துப்பாக்கியோடு விரலும் போகும். டெல்மர், தன்னைப் பெற்ற அப்பா போட்டதையே தொடாதவன். நான் சும்மா நின்றிருந்தாலே இடம் எனக்கு. ஆனால் அவன் முகம்… ச்சே, இப்படி ஜெயித்து என்ன செய்ய?

"இந்தா, என் தோட்டா. உன் மெஷின், உன் மருந்து அளவு. பயப்படாம சுடு."

"குண்டை நிறுத்தீங்களா அண்ணி?"

"ஒவ்வொண்ணா நிறுத்ததுடா."

பொய்யா என்ன? நிறுத்தவன் அவன்தானே!

ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சுட்டான். நானும் சுட்டேன். அவனுக்கு இரண்டு புள்ளி அதிகம். போச்சு! காரில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரிப்புத் தண்ணீர் மட்டும்தானா அது? தெரியவில்லை.

மார்ச் 9
சர்ச் வாசலில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்கிறான்: "எங்க அண்ணி குண்டு மாதிரி வராது!" வயிறு எரிகிறது. சிரிப்பும் வருகிறது.

மார்ச் 16, ஞாயிறு
டெல்மர் காலி டப்பாவோடு வந்து நின்றான்.

"மாநிலப் போட்டிக்கும் உங்க குண்டுதான் அண்ணி. ரொப்பிக் குடுங்க."

"உன் மேசைக்கு அடியில வாளி இருக்குல்ல? அதுதான்டா என் குண்டு. அள்ளிக்கோ."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உங்களுக்கு எப்பப் பாத்தாலும் விளையாட்டு!" டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நாளைக்கு அவன் வேலைக்குப் போனதும் போய் அள்ளி வரவேண்டும். கொஞ்சம் துடைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.