பாதியில் நின்ற பிரசங்கம்

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது,

ஒன்பது வருஷமாக உனக்கு எழுதாத கை, எழுத்து கோணலாகத்தான் வரும்.

எங்கள் சபையில் இப்போது திரையில்தான் பிரசங்கம். தலைமைச் சபையின் பெரிய பாஸ்டர் எங்கேயோ பேசியதை இங்கே போட்டுக் காட்டுவார்கள். போன ஞாயிறு பாதியில் படம் நின்றுவிட்டது. அவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார், எல்லாரும் வயரைப் பார்க்கிறார்கள். அதே பிரசங்கத்தை மூன்று வருஷம் முன்பே போட்டிருந்தார்கள். மிச்சத்தை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லி முடித்தேன், அவர் இருமிய இடம் உட்பட.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? எங்கள் பாஸ்டர் பிடித்துக்கொண்டார். "இனிமே நம்ம ஆளுங்களே போதிக்கணும்மா. வர்ற ஞாயிறு நீங்கதான். மன்னிப்பைப் பத்திப் பேசுங்க. அவர் சொன்னதை ஒப்பிக்கக் கூடாது, உங்க வாழ்க்கையிலேர்ந்து சொல்லணும்."

நானா பிரசங்கம் செய்வது? இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். தலைக்குள் இருப்பதெல்லாம் அடுத்தவர் சொன்னது. இதுவரை யாரை மன்னித்தேன் என்று தேடிப் பார்த்தேன். ஒருத்தர்கூட இல்லையடி. உன் முகம்தான் வந்தது. அம்மா சாகக் கிடந்தபோது எனக்குச் சொல்லி அனுப்பாமல் இருந்தாயே, அது.

அதை உள்ளே வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் எப்படி நிற்பேன்?

சனிக்கிழமை வா. முதலில் ஒரு பாட்டம் திட்டுவேன், பொறுத்துக்கொள். அப்புறம் என் வாயில் என்ன வருகிறதோ, அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொல்வேன்.

உன் அக்கா