லேடீஸ் டப்பா இல்லாத வண்டி

மார்ச் 2, ஞாயிறு

காலையில் நல்ல குளிர்ந்த காற்று. தாராவிக்குள் இப்படிக் காற்று வருவது நான் ரிட்டயர் ஆனதற்காகத்தான் போலிருக்கிறது. முப்பது வருஷம் ஃபோர்ட் ஏரியாவில் ஒரே பில்டிங்கில் லிப்ட்மேன். நான் மேலே தூக்கி விடாத பெரிய மனுஷன் பம்பாயில் கிடையாது. இனி ஞாயிறு ஆனால் ஊர் சுற்றல். மாதா கோயில் பூசை நேற்று சாயந்தரமே பார்த்தாயிற்று.

இன்று கர்ஜத். நானும் என் வீட்டுக்காரி ரோசம்மாவும் மட்டும். சாமான்: இட்லி, மிளகாய்ப்பொடி, தண்ணீர், விரிக்கப் பழைய சேலை, என் கறுப்புக் கண்ணாடி.

குர்லாவில் வண்டி பிடித்தோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான் என்று மனசுக்குள் படமே ஓட்டி வைத்திருந்தேன். வண்டி வந்தது. "கர்ஜத்துல பாப்போம், என்ன?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு லேடீஸ் டப்பாவில், அதாவது பொம்பளைகள் பெட்டியில், ஏறிவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மான்குர்த் பால்வாடியில் சமையல் வேலை, தினமும் லேடீஸ் டப்பாதான். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த ஊர் ரயிலில் அவள் அங்கே, நான் இங்கே. பிளாட்பாரத்தில் பிரிவது, பிளாட்பாரத்தில் சேர்வது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவைகூட வந்ததில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. திருநெல்வேலி போகும் எக்ஸ்பிரஸ் கணக்கில் சேராது. அதில் நடுவில் பிள்ளைகள், மூட்டை, அரிசிச் சாக்கு.

என் டப்பாவில் ஐயாயிரம் பேர். தாணா வரை ஒற்றைக் காலில். கல்யாண் தாண்டிப் பார்த்தால் மரத்தில் இலையே இல்லை, முழுக்கச் சிவப்புப் பூ. யாரிடம் காட்டுவது? பக்கத்தில் இருந்தவன் தூக்கம்.

கர்ஜத்தில் இறங்கினால் இவள் கை நிறைய இலந்தைப்பழம். யாரோ மராட்டிக்காரப் பெண் கொடுத்தாளாம். அதற்குள் அவள் குடும்பக் கதை முழுக்க இவளுக்குத் தெரியும்.

ஆற்றில் கால் நனைத்தோம். இட்லி. சூடாக வடா பாவ். அக்கரைப் புதரில் ஏதோ அசைந்தது. புலியாகவும் இருக்கலாம். திரும்பும்போதும் அவள் அங்கே, நான் இங்கே.

மார்ச் 5, புதன்

நெற்றியில் சாம்பல். தபசு காலம் ஆரம்பம். நாற்பது நாள் கறி கிடையாது, ரோசம்மா கட்டளை.

டீக்கடையில் சவரிமுத்து. தோல் பெல்ட் வெட்டுகிறவன், என் நாற்பது வருஷக் கூட்டாளி. கர்ஜத் புலியைச் சொன்னேன்.

"புலியா? நாயா இருக்கும்வே."

"வால் ஆறடி இருந்துச்சுடே."

"அப்ப ரெண்டு நாயா இருக்கும்."

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறிவிட்டது அவனுக்கு.

"சொந்தப் பொண்டாட்டி பக்கத்துல உக்கார ஊர் ஊரா அலையுதீராக்கும்? லாஞ்சுல போவும்வே. தண்ணி மேல ஏது லேடீஸ் டப்பா!"

இந்த யோசனை எனக்கு முதலிலேயே இருந்தது. அவன் வாயால் வந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

வெயில் கொஞ்சம் ஏற்றம். டாக்யார்டு ரோடு வரை ரயில் (அவள் அங்கே, நான் இங்கே). அங்கிருந்து நடந்து பாவ்சா தக்கா படகுத்துறை. அக்கரை ரேவஸுக்கு லாஞ்சு. ஒரே பெஞ்சு, அவள், நான். ஆகா.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் சத்தம் சரியில்லை என்று எனக்குப் பட்டது. மிஷின் விஷயத்தில் என் காது தப்பாது. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரேவஸ் வரும்வரை படுத்துக்கொண்டே பார்த்தேன்.

ரோசம்மா மேலே கோலிக் குப்பத்து மீன்காரிகளோடு. நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு இறங்கி வந்தாள்.

"மோந்து பாருங்க. கண்ண மூடிக்கிடுங்க."

"ஏளா, நான் இன்ஜின் பாக்கேன்."

"இன்ஜின் அந்தப் பக்கம் இருக்கு."

மீன்காரிகள் சிரித்தது கீழே வரை கேட்டது.

ரேவஸில் சேறு, காற்று, கொக்கு. கரையில் இளநீர் குடித்ததும் நான் பழைய சிங்கம். திரும்பும்போது மறுபடி இன்ஜின் கோளாறு. ரோசம்மா வாங்கியது: காய்ந்த கூனிறால், ஒரு பை. அதற்குத் தபசு கணக்கில் தடை இல்லையாம்.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. சந்துப் பொடியன்கள் எனக்குப் பச்சை அடித்துவிட்டார்கள். காது மடலில் இன்னும் போகவில்லை. ராத்திரிக்குக் கஞ்சி, சுட்ட அப்பளம்.

யோசித்ததில் விடை கிடைத்தது. எஸ்.டி. பஸ், சர்க்கார் வண்டி! இரண்டு பேர் சீட்டு. பஸ்ஸில் இன்ஜினும் என் பொறுப்பில்லை. பன்வேல் போய் அங்கிருந்து கர்னாலா, பறவைக் காடு. பொம்பளைகளுக்குப் பாதி டிக்கெட் வேறு. இந்தப் பாதி டிக்கெட் யோசனை அந்தக் காலத்தில் ஒரு மந்திரிக்கு லிப்டில் நான் சொன்னதுதான். மூணாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஞாயிறு தண்டவாள வேலைக்கு ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் தொடங்குமுன் விடியற்காலையிலேயே கிளம்பல். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் சுன்னாபட்டியிலிருந்து பன்வேல் (அவள் அங்கே, நான் இங்கே).

பன்வேல் டிப்போவில் பஸ் நிற்குமுன்னே ஓடி, ஜன்னல் வழியாகக் கர்சீப்பை எறிந்து இரண்டு சீட் பிடித்தேன். இந்த வயசில் அப்படி எறிய இந்தியாவில் ஆள் கிடையாது. ரோசம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கர்சீப்பை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, முகமெல்லாம் வேர்வை. ரோசம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து என் இடத்தில் உட்கார வைத்துவிட்டாள்.

"அப்ப நான்?"

"முப்பது வருசம் லிப்டுல நின்ன ஆளுதானே? நில்லுங்க."

இந்த முப்பது வருஷத்தை ஊரெல்லாம் சொன்னவன் நான். கம்பியைப் பிடித்து நின்றேன். லிப்டில் ஸ்டூல் இருந்ததை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

கர்னாலாவில் நிழல். எங்கே பார்த்தாலும் குருவிச் சத்தம், குருவியைத்தான் காணோம். சேலையை விரித்து உட்கார்ந்தோம். புளியோதரை, கூனிறால் வறுவல். பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏளா ரோசு, ஒரு தடவ ரயில்ல எம்பக்கத்துல உக்காந்து வந்தா என்ன கொறஞ்சு போகும்?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் புளியோதரை புரையேறியது.

"இதுக்குத்தானா கடலு, பஸ்ஸுன்னு இழுத்தடிச்சீய?"

"சொல்லு."

"வீட்டுல இருந்தா உங்க பேச்சு. இப்ப ரிட்டயர் வேற ஆயிட்டீய, நாள் முழுக்கப் பேச்சு. அந்த டப்பாவுல ஏறுனாத்தான் என் காது எனக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. பருக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நான் கூனிறாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே இரண்டாவது தடவை பரிமாறினாள்.

"சரி. பன்வேல்ல இருந்து சுன்னாபட்டி வரை வாயத் திறக்காம வாரீயளா? வந்தா, நான் உங்க டப்பாவுல வாரேன்."

"இது ஒரு பெரிய காரியமா?" என்றேன்.

சாயந்தரம் பிளாக் முடிந்து பன்வேலிலேயே கிளம்பும் வண்டி. காலி டப்பா. ஜன்னலோரம் ரோசம்மா, பக்கத்தில் நான். அவள் முழங்கை என் முழங்கையில். காற்றில் அவள் முந்தானை என் முகத்தில். சந்தோஷம். பேச்சு மட்டும் கிடையாது.

விழுங்கியவை: காந்தேஷ்வரில், புது ஏர்போர்ட்டுக்கு மண் கொட்டிய லாரிக்காரன் என் சிநேகிதன் என்பது. கார்கரில், அந்த மலையில் நான் வெறுங்காலோடு ஏறியது. பேலாப்பூரில், நேருலில், சான்பாடாவில் ஒவ்வொன்று. சொல்லாததெல்லாம் நெஞ்சுக்குள் ஏறி நின்று இடித்தது, குர்லா ஸ்டேஷன் கூட்டம் மாதிரி.

எதிர்சீட்டுப் பெரியவர் என்னிடம் ஏதோ கேட்டார். ரோசம்மா, "உன்கோ கலா காராப் ஹை" என்றுவிட்டாள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறதாம்.

வாஷி தாண்டிப் பாலம். கீழே கழிமுகம், தண்ணீர் வற்றி. தூரத்தில் சேற்றின் மேல் ரோஸ் கலரில் நீளமாக ஒரு கோடு. கோடு அசைந்தது. ஆயிரம் பறவையாவது இருக்கும்.

"என்னங்க, அங்கன பாருங்க! அது என்ன பறவ?"

வாயைக் காட்டிக் கை விரித்தேன்.

"கேக்கேன்லா?"

மறுபடி கை விரித்தேன். பந்தயம் பந்தயம்தான். அவள் பறவையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கழுத்தில் புறங்கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். மான்குர்த் வந்ததும் என் கையைத் தட்டினாள்.

"போதும். நீங்க பேசாம இருக்கது வண்டி நடுவழியில நின்ன மாதிரி இருக்கு. சொல்லுங்க."

சொன்னேன். பூநாரை. வருஷா வருஷம் கடல் தாண்டி வருவது. அதுவரை உண்மை. பிறகு அதில் ஒன்று ஃபோர்ட்டில் எங்கள் பில்டிங்குக்குள் புகுந்தது. நேரே என் லிப்டுக்குள் வந்து நின்றது. எந்த மாடி என்று நான் கேட்டேன்.

"பொய்யி."

"கேளு முதல்ல."

எதிர்சீட்டுப் பெரியவர் தமிழ் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார். செம்பூர் போனது. குர்லா போனது. பறவை ஆறாவது மாடி ஏறியபோது ரோசம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "ஐயோ மாதாவே, வடாலா!" என்றாள். தினமும் போய்வருகிற பெண் பிள்ளை, சுன்னாபட்டியைக் கோட்டை விட்டுவிட்டாள்.

இறங்கி, எதிர்ப் பிளாட்பாரம். வண்டி வருகிற சத்தம். லேடீஸ் டப்பா நிற்கும் இடம் அந்தப் பக்கம், அவள் அசையவில்லை.

"ஏளா, உன் டப்பா அங்கன."

"இருக்கட்டும். அந்தப் பறவ ஆறாவது மாடியில எறங்கிச்சா இல்லியா, அதச் சொல்லுங்க."