டாக்டரிடம் சொல்லாத அண்ணன்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

"மூளையில சேதி வாங்குற ரிசெப்டர் சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் மாறியிருக்கும்மா. பரம்பரையாவும் வரலாம், யார் தப்பும் இல்ல" என்றார் மகனைப் பார்த்த டாக்டர். "உங்க ரெண்டு குடும்பத்துல யாருக்காவது இவனாட்டம் காதுல குரல் கேட்டுதா?"

இல்லை என்றேன். எங்கள் ஊர் கூரத்தில் என் அண்ணன் சுவரோடு பேசிப் பேசியே செத்தான். காய்ச்சலில் போனான் என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணமே நடந்தது.

டவுன் பஸ்ஸில் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை. தறி நெய்கிறவர், பேச்சும் அதிலேதான். "எங்கப்பா குடிச்ச குடிதான். நீளவாட்டு நூல், அந்தப் பாவுல குத்தம்னா புடவை முழுக்க வரும். பாவு என்னுதும்மா, மன்னிச்சுடு."

அண்ணனைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். "பரவால்ல, விடுங்க" என்றுதான் வந்தது.

இப்போது வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார். நான் மன்னித்துவிட்டேனாம்.