காரிமங்கலத்துச் சித்தி மகள்

பென்னாகரம் பேருந்தில் ஒருவர் காலிப் பால் கேனை என் காலருகே வைத்தார். மூடி இடுக்கிலிருந்து புளித்த வாடை. என் நிறுத்தம் வருமுன்பே இறங்கிவிட்டேன்.

உன் வீட்டுக் கேன்களை நான் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். ஊரடங்கில் வாரம் ஒருமுறை உன்னைத் தொலைபேசியில் அழைப்பேன். உன் குரலுக்குப் பின்னால் அவை உருளும்.

அதற்கு முன் உன்னை நேரில் பார்த்தது இரண்டே முறை. தருமபுரி மருத்துவமனையில், குடல் நோய்ப் பிரிவில். நான் சமூகப் பணி படித்துவிட்டு, நோயாளிகளின் விவரம் எழுதும் வேலையில் சேர்ந்திருந்தேன். நீ பெஞ்சின் கடைசியில், கழிப்பறைக்கு மிக அருகே. பெருங்குடலில் ஆறாத புண். இருபத்து மூன்று வயது. கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. கதவைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாய்.

"எம்.ஏ. படிச்சுட்டு கக்கூஸ் கதவு புடிக்கறீங்களேக்கா," என்றாய் உள்ளிருந்து.

"பேசாம வேலையப் பாரு."

"பேசுனாத்தாங்க்கா வெளிய சத்தம் கேக்காது."

பிறகு பேருந்துகள் நின்றன. உங்களுக்கான மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக அனுப்பினோம். எனக்கு ஒரு பெயர்ப் பட்டியலும் கேள்வித்தாளும் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது. ரத்தம் உண்டா. ஆறைத் தாண்டினாலோ ரத்தம் இருந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வண்டி அனுப்புவார்கள்.

நீ எப்போதும் "மூணுங்க்கா" என்றாய். ரத்தம்? "இல்லீங்க்கா."

எழுதினேன். மூன்று. இல்லை. மூன்று. இல்லை.

உன் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் குரல் கேட்கும் என்று முதல் வாரமே சொல்லியிருந்தாய். பக்கத்தில் மாமியார் மாட்டை அதட்டுவது எனக்கும் கேட்கும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

வயிற்றுப்போக்கும் கொரோனாவின் அறிகுறி என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். உங்கள் ஊரில் ஒரு வீட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கவில்லை. இதை நீதான் சொன்னாய்.

"மாட்டுக்கும் மாஸ்க் போட்டுட்டா பால எடுத்துக்குவாங்களாக்கா?"

சிரித்தேன். அதே அழைப்பில்தான் கேட்டாய்.

"அக்கா, காரிமங்கலத்துல எங்க சித்தி மக ஒருத்தி. அவளுக்கும் இதே குடல் புண்ணு. பத்துப் பன்னெண்டு தடவ போவுதாம். ரத்தமாப் போவுதாம். என்ன பண்றதுன்னு கேக்கச் சொன்னா."

"அவங்க நம்ம லிஸ்ட்ல இருக்காங்களா?"

"இல்லீங்க்கா."

"அப்ப பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. சரி, உனக்கு எத்தன தடவ?"

பின்னால் உருண்ட கேன் சத்தம் நின்றது.

"மூணுங்க்கா."

அடுத்த வாரம் யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் உன் மாமியார் எடுத்தார்.

"அவ செத்து எட்டு நாளாச்சு பாப்பா. முடியாமப் போயி, கடைசில ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனோம். பாதி வழிலயே போயிட்டா."

உன் சித்தி மகளுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன்.

"அவளுக்கு ஏது சித்தி. அவங்கம்மாவும் ஒத்தப் புள்ள, அப்பனும் ஒத்தப் புள்ள." மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதைச் சொல்லும் குரல். "அன்னிக்கு அவ போன்ல கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுது. பக்கத்துலதான உக்காந்திருந்தேன். நானாக் கூட்டிட்டுப் போனா கொரோனாம்பாங்க. வூட்ட அடைச்சுருவாங்க, பாலு நின்னுரும். இது குடல் வியாதி, நாங்கதான் வரச் சொன்னோம்னு ஆஸ்பத்திரியில இருந்து சொன்னா ஊரு நம்பும். நீ ஆஸ்பத்திரிக்குக் கூப்புடுவேன்னு பாத்தேன்."

இருவரும் எனக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். ஒரே போனின் முன்னால். நான் பட்டியலில் உன் பெயருக்கு நேரே மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அவரை வெறுக்க முயன்றேன். முடியவில்லை. அவர் புரிந்துகொண்டு பயந்தார். எனக்குப் புரியவே இல்லை. இரண்டில் எது பெரிய குற்றம் என்று சில நாட்கள் ஒரு பதில் வருகிறது, சில நாட்கள் மற்றது.

இப்போதும் அதே வேலை. வாராவாரம் அழைக்கிறேன். பலர் தங்களைப் பற்றிச் சொல்வதில்லை. ஓர் அத்தைக்கு என்பார்கள். கூட வேலை செய்யும் ஒருவருக்கு. அவர்கள் ஆரம்பித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். நீங்களா என்று கேட்பதில்லை. அவங்களுக்கு எத்தனை தடவை, எழுந்து நடக்க முடிகிறதா என்று கேட்கிறேன். யார் வீட்டிலும் இல்லாத அந்த அத்தைக்காக ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். பதில்கள் வருகின்றன.

போன வாரம் ஒருவர் தன் மச்சானுக்கு ரத்தம் போவதாகச் சொன்னார். மச்சான் வீடு எங்கே என்று கேட்டேன். எங்கள் பதிவில் இருக்கும் தன் முகவரியையே சொன்னார். வண்டி போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் உன் சித்தி மகள் வீட்டுக்கு நான் வழி கேட்டதே இல்லை.