இழைப்பு இயந்திரத்தை வெள்ளம் கொண்டுபோகவில்லை

அனுப்புநர்:
ரேச்சலம்மா ஈப்பன்,
கிழக்கேதுருத்தில் வீடு,
தெக்கேமணல் படகுத்துறை அருகில்,
ஆலப்புழை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆலப்புழை.

பொருள்: வெள்ளத்தில் போனதாக எழுதப்பட்ட இழைப்பு இயந்திரம் குறித்து நேரடி விசாரணை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டின் பின்கொட்டகையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறோம். என் கணவர் ஈப்பன் இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகு, நான்கு ஆண்டுகளாகக் கட்டிலும் சன்னலும் செய்வது நான்தான். அதுவே எங்கள் பிழைப்பு.

2. கடந்த ஆகஸ்டு பதினாறாம் தேதி காலையில் தண்ணீர் சன்னல்வரை ஏறிவிட்டது. எதிர்க்கரை சதானந்தன் வள்ளத்தோடு வந்து, என் கணவரைச் சன்னல் வழியாகத் தோளில் தூக்கி இறக்கி, இருவரையும் முகாமில் சேர்த்தார். அவர் வராதிருந்தால் இம்மனுவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது தாங்கள் இதை மறந்துவிடக் கூடாது என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

3. பத்தாம் நாள் திரும்பினோம். கொட்டகையில் முழங்கால் அளவு சேறு. உளிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினேன். பலகைகளைக் கழுவி, இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கினேன். தேக்கு வளைந்துவிட்டது; பலா தாங்கிக்கொண்டது. அறுப்பு இயந்திரத்தின் மோட்டாரைப் பிரித்து ஆறு நாள் வெயில் காட்டியதில் அது மறுபடி ஓடுகிறது. பட்டறை ஏறக்குறைய மீண்டுவிட்டது. பலகையைச் சீவி மழமழப்பாக்கும் இழைப்பு இயந்திரத்தை மட்டும் காணவில்லை.

4. அது போல்ட்டு போட்டு இறுக்கியிருந்த மேசை முழுவதும் விரற்கடை கனத்துக்கு வண்டல் படிந்திருக்கிறது. இயந்திரத்தின் அடித்தட்டு இருந்த சதுரத்தில் மட்டும் வண்டல் இல்லை. வெள்ளம் இழுத்துப்போயிருந்தால் அந்த இடத்திலும் வண்டல் படிந்திருக்க வேண்டும். ஆகவே தண்ணீர் வடியும்வரை இயந்திரம் அங்கேயே இருந்திருக்கிறது. நான்கு நட்டுகளும் சன்னல் மேற்கட்டையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வெள்ளம் ஸ்பானர் கொண்டுவருவதில்லை, ஐயா.

5. கொட்டகையின் பூட்டு உடையவில்லை. முகாமில் இருந்தபோது, தண்ணீர் இறங்கியதும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லிச் சாவியை நான் கொடுத்தது சதானந்தனிடம். வேறு சாவி கிடையாது.

6. எங்கள் கிராம அலுவலகத்தில் இதைச் சொன்னேன். அங்கிருந்த எழுத்தர், “வெள்ளத்துல போச்சுன்னு எழுதிக்கிறேன் மேடம், வேலை முடிஞ்சுது. ஊரே சேத்துல கிடக்குது, ஒரு மெஷினுக்கு யாரு ஆளைத் தேடுவாங்க?” என்றார். அப்படியே எழுதியும்விட்டார். கையெழுத்திட நான் மறுத்தேன். மேலிடத்துக்கு மனு எழுதுவேன் என்றும் அவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும், என் கணவரிடம்கூட, அதைச் சொல்லவில்லை.

7. அதற்கு மூன்றாம் நாள் சதானந்தன் அவித்த கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும் கொண்டுவந்தார். கணவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என் பலகைகளைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். புறப்படும்போது படியில் நின்று, “சேச்சி, ஏதோ மனு எழுதப் போறீங்களாமே. என் பேரும் அதுல வருதா?” என்று கேட்டார். “மெஷினைப் பத்தி மட்டும்தான் எழுதுவேன் சதா” என்றேன். நான் சொன்னது பொய் என்பதற்கு இம்மனுவே சாட்சி. ஆனால் நான் மனு எழுதப்போவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதைத் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

8. மறுநாள் படகுத்துறையில் அவருடைய வள்ளத்தைப் பார்த்தேன். இருக்கைப் பலகை புதிது. ஆஞ்சிலி மரம், பால் வாடைகூடப் போகவில்லை. அதன்மேல் நூல் கனத்தில் ஒரு மேடு நீளவாக்கில் ஓடுகிறது. ஈஸ்டருக்கு முன்பு பழைய பலாவில் இருந்த ஆணியில் பட்டு என் இயந்திரத்தின் கத்தி ஓரிடத்தில் பொக்கையானது. அதற்குப் பிறகு நான் இழைத்த ஒவ்வொரு பலகையிலும் அந்த மேடு உண்டு. இந்தப் பலகையை நான் இழைக்கவில்லை.

9. அன்றுதான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, “எடுத்தா எடுத்துட்டுப் போறான். என்னைத் தூக்கின தோளுடி அது” என்றார். கேட்டிருந்தால் இரவலாகக் கொடுத்திருப்பேனே என்பதுதான் என் மனத்தாங்கல்.

ஆகவே, கிராம அலுவலகத்துக்கு முன்னறிவிப்புத் தராமல் வேறொரு அதிகாரியை அனுப்பி, மேசையையும் அந்தப் பலகையையும் நேரில் பார்த்து எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன். கேரள மழையை நம்பி மேசையை அந்த வண்டல் தடத்தோடு இன்னும் அதிக நாள் வைத்திருக்க முடியாது. என் சந்தேகம் தவறானால், படகுத்துறையில் எல்லாரும் பார்க்க அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். சரியானால், இயந்திரம் திரும்பினால் போதும். அவர்மேல் வழக்கு வேண்டாம்.

தினமும் காலையில் அவர் வள்ளம் எங்கள் படியைக் கடக்கிறது. அவர் கையை உயர்த்துகிறார், நானும் உயர்த்துகிறேன். இருவரில் யார் நடிக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், ஐயா.

இடம்: தெக்கேமணல்
நாள்: 14.09.2018

இப்படிக்கு,
தங்கள் விசாரணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ரேச்சலம்மா ஈப்பன்